விருந்தாளிக்குக் கழுவிய கிணறு

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டின் பின்புறம், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, ஒரு கிணறு இருக்கிறது. சிமெண்டு வளையம், மேலே தகர மூடி, பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர். குளிக்கவும் துவைக்கவும் கிணற்றுத் தண்ணீர். இந்தப் பங்கீடு நான் பிறப்பதற்கு முன்பே முடிவானது. அக்கா பிள்ளை பெற்று வீட்டுக்கு வரும்வரை அதை யாரும் கேள்வி கேட்டதில்லை.

அவளுக்கு அது முதல் பிரசவம். பெண் குழந்தை. பத்தியத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தானுக்குக் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் வேலை. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வந்து போவார். அக்கா வந்த மறுநாள் காலையிலேயே அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"குழாய்த் தண்ணியில பிள்ளையக் குளிப்பாட்டாத. கிட்ட போனாலே மருந்து நெடி. பச்சத் தோலு காஞ்சு போயிரும்."

"கிணத்துத் தண்ணியில என்னென்ன கிடக்கோ மா."

"உங்க ரெண்டு பேரையும் அதுலதான் குளிப்பாட்டினேன். என்ன கெட்டுப் போயிட்டீங்க?"

"இவளுக்கு மட்டும் மூளை கொஞ்சம் கலங்கிருச்சு" என்று அக்கா என்னைக் காட்டினாள். பிறகு அந்தப் பேச்சிலேயே வழியையும் கண்டுபிடித்தாள். "ஏய், நீதான் தினமும் தண்ணி டெஸ்ட் பண்றவளாச்சே. நம்ம கிணத்தையும் கொண்டுபோய்ப் பாரு. நல்லா இருக்குன்னு நீ சொல்லிட்டா, அப்புறம் நான் வாயே தொறக்கல."

நான் தீவின் தென்பகுதியில், பானம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். என் வேலையில் பாதி தண்ணீர்தான். சோதனை மிக எளிது. போத்தலில் எடுத்த தண்ணீரில் ஒரு பொட்டலப் பொடியைக் கலந்து, உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைத்திருப்போம். மறுநாள் நிறம் மாறாமலிருந்தால் நல்லது. மஞ்சளானால், வெளியிலிருந்து பாக்டீரியா உள்ளே வருகிறது என்று பொருள். அந்த மஞ்சளைப் புற ஊதா விளக்கின் கீழே பிடிக்கும்போது நீலமாக ஒளிர்ந்தால், மனிதருடையதோ விலங்குடையதோ, மலம் கலந்திருக்கிறது. இதை இன்னும் மரியாதையாகச் சொல்ல வழியில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் தண்ணீர் எடுத்துக்கொள்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து பசியாறும்போது சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை அப்பா குளிக்கப் போனபோது மோட்டார் நின்றிருந்தது.

"சூடாயிருச்சு. இன்னிக்கு எல்லாரும் பைப்புல குளிங்க" என்றார் அம்மா.

"காலையில நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடி ஓடிக் களைச்சுப் போச்சுலா. ஒரு நாளு படுத்துக் கிடக்கட்டும். உங்களுக்கு மட்டும்தான் ஞாயித்துக்கிழமையா?"

அப்பா துண்டோடு திரும்பிப் போனார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் விடியலில் பின்புறம் பளபளவென்றிருந்தது. சிமெண்டுத் தரை, கிணற்றுச் சுவர், தகர மூடி எல்லாம் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தன. பிளீச் நெடி மூக்கைக் குத்தியது. அம்மா தரை கழுவியிருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. பச்சைப்பிள்ளை இருக்கும் வீடு என்று அம்மா அந்த வாரம் முழுக்க எதையாவது கழுவிக்கொண்டுதான் இருந்தார். மோட்டார் ஆறிவிட்டது, போடலாம் என்றார். போட்டேன். கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டேன். கிருமி போகக் குழாயின் வாயைத் தீயால் சுட்டேன். போத்தலின் மூடியை உட்புறம் விரல் படாமல் திறந்தேன். நிரப்பினேன். மூடினேன். ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். எதையும் விடவில்லை.

மறுநாள் போத்தல் தெளிந்திருந்தது. மஞ்சளின் நிழல்கூட இல்லை.

திறந்த கிணற்றுத் தண்ணீர் அப்படி வருவது அபூர்வம். எங்கள் ஆய்வுக்கூட மேலாளர், எதையும் எளிதில் நம்பாத சீனப் பெண்மணி, போத்தலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உங்கள் வீட்டுக்கு ஒரு குழாய் போட்டுத் தண்ணீரை இங்கே கொண்டுவரலாம், தொழிற்சாலைக்குச் செலவு மிச்சம் என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா அந்தச் செய்தியைக் காப்பிக்கடை வரைக்கும் கொண்டுபோனார். அக்கா சொன்னபடி வாயைத் திறக்கவில்லை.

அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து, கால்களை நீட்டி, அவற்றின் மேல் பிள்ளையைக் கிடத்துவார். பக்கத்தில் கொதித்த தண்ணீர் ஒரு வாளி. இன்னொரு வாளியில் கிணற்றிலிருந்து நேராக வந்த பச்சைத் தண்ணீர். இரண்டையும் முழங்கையால் பதம் பார்த்துப் பார்த்து விளாவுவார். எண்ணெய், பயற்றமாவு, பிறகு தண்ணீர். கடைசியில் விரலைப் பிள்ளையின் வாய்க்குள் விட்டு, நாக்கின் அடிவரைக்கும் சளியை வழித்தெடுத்து, ஒரு கைத் தண்ணீரை முகத்தில் அடிப்பார். பாப்பா வீல் என்று கத்தும். திறந்த வாய்க்குள் தண்ணீர் போகும். நுரையீரல் விரியட்டும் என்பார் அம்மா. நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். இந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்பதில்லை என்று நானும் நம்பியிருந்தேன்.

சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதலில் பச்சையாக, அடுத்து சளியும், நூல்போல இரத்தமும். பால் குடிப்பதை நிறுத்தியது. உடம்பு கொதித்தது. அப்பா காடியை எடுத்து, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் உடனே சேர்த்துவிட்டார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை; தலையில் தேடினார்கள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவர் இளம் மலாய்ப்பெண். என் வயதுதான் இருக்கும். நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். புட்டிப்பால் கொடுத்தீர்களா? இல்லை. தண்ணீர், தேன், நாட்டு மருந்து? இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது வயிற்றுப்போக்கு? இல்லை. குளிப்பாட்டும் தண்ணீர்? கிணற்றுத் தண்ணீர் என்று அக்கா சொன்னதும் அவர் பேனா நின்றது.

நான் முன்னால் வந்தேன். அதை நானே சோதித்துவிட்டேன் என்றேன். எந்த முறை என்பதையும், எப்படி எடுத்தேன் என்பதையும், முடிவையும் சொன்னேன். எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. நல்லது, அப்படியானால் அதை விட்டுவிடலாம் என்று அடுத்த கேள்விக்குப் போனார்.

அடுத்த கேள்வி, தாய் என்ன சாப்பிடுகிறார் என்பது.

அம்மா அதற்காகவே காத்திருந்ததுபோலத் தமிழில் வெடித்தார். "சொல்லுடி. டாக்டர் கேக்குறாங்கல்ல? புருசன் பொட்டலம் கட்டிட்டு வந்த மீ கோரெங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னியே, அதச் சொல்லு."

உண்மைதான். பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடும் தின்று அலுத்துப்போய், அக்கா ஒரு சாயங்காலம் அத்தானிடம் கெஞ்சி மீ கோரெங், காரமாக வறுத்த நூடுல்ஸ், வாங்கிவரச் செய்தாள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். வாசனை சமையலறைவரை வந்துவிட்டது. அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை, இன்றைக்காக வைத்திருந்தார்.

நான் மலாயில் எடுத்துச் சொன்னேன். மருத்துவர் மீ கோரெங்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் தாய்ப்பால் வழியாக வரும் ஏதோ ஒன்று இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அப்போதும் இப்படி இரத்தம் வரும் என்றார். மலத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வரக் கொஞ்சம் ஆகும். அதுவரை தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, ஒரு சிறப்புப் பால்மாவைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

பாப்பா அந்தப் பாலைத் துப்பியது. அக்கா கழிப்பறைக்குப் போய்த் தன் பாலைப் பிழிந்து தொட்டியில் ஊற்றிவிட்டு, நனைந்த மார்போடு வந்து கட்டிலருகே உட்காருவாள். பிள்ளை அவள் பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பி வாயைத் திறக்கும். தூக்கினால் தேடும் என்பதற்காக அவள் தூக்குவதையே குறைத்தாள். "எம்பாலு விசமாயிருச்சுடி" என்று ஒரு முறை என்னிடம் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். வேறு என்ன என்று கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லாத இடத்தில் பட்டியல் வரும். அது என் வழக்கம். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். வாய்வழியாகப் பிள்ளைக்குள் போகும் பொருள்கள்: பால், அம்மாவின் விரல், குளிக்கும் தண்ணீர். அம்மாவின் விரலைப்போலத் தேய்த்துக் கழுவிய விரல் பினாங்கில் இருக்காது. தண்ணீர் சோதிக்கப்பட்டது. மீதி பால். எத்தனை முறை போட்டாலும் அக்காவில்தான் வந்து நின்றது. பிறகுதான் வேலையிடத்தில் நான் புதியவர்களுக்குச் சொல்லும் பாடம் நினைவுக்கு வந்தது: ஒரே ஒரு மாதிரியை வைத்து எதையும் முடிவு செய்யாதே. எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. முறைக்காக இன்னொரு போத்தல் எடுக்கலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மதியம் வீட்டுக்கு வந்தேன். அம்மா அக்காவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார்.

"மா, கிணத்துல இன்னொரு தடவ தண்ணி எடுக்கணும்."

"இப்பவா?"

"இப்பதான். போத்தல் கொண்டாந்திருக்கேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் எரிச்சல். "முன்னாடியே சொல்லக் கூடாதா? சுத்தம் பண்ணி வெச்சிருப்பேன்ல."

"எதைச் சுத்தம் பண்ணி?"

"கிணத்தத்தான். போன தடவ பண்ணின மாதிரி."

நான் பையைக் கீழே வைத்தேன். "போன தடவ என்ன பண்ணினீங்க?"

"ஏன் அப்படிப் பாக்குற? பிளீச் ஊத்தினேன். ரெண்டு போத்தல். கொஞ்சம் கோயில்லருந்து கொண்டாந்த மந்திரிச்ச தண்ணியும். ராத்திரி பூரா ஊறட்டும்னுதான் மோட்டார நிறுத்தினேன். உங்கப்பா வேற, குளிக்கணும் குளிக்கணும்னு துண்டத் தூக்கிட்டு நிக்கிறாரு."

"ஏம்மா?"

"ஏன்னா? உங்க ஆபீசுக்குக் கொண்டு போற. அங்க சீனவங்க, மலாய்க்காரங்க எல்லாரும் எடுத்துப் பாப்பாங்க. இவ வீட்டுத் தண்ணி இவ்வளவு அழுக்கான்னு நாளைக்கு உன்னை ஒரு வார்த்த சொல்லிட்டா? வீட்டுக்கு ஆளு வர்றாங்கன்னா கூட்டிப் பெருக்கி வைக்க மாட்டோமா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சமையலறையில் எல்லாப் பொருள்களும் அதனதன் இடத்தில் இருந்தன. அடுப்பின் மேல் இரசம் நுரைத்தது. என் தலைக்குள் ஒவ்வொன்றாக விழுந்தது: களைத்துப்போன மோட்டார், பளபளத்த தரை, தரையின் நெடி என்று நான் நினைத்த நெடி. எங்கள் போத்தல்களுக்குள் ஒரு சிட்டிகை வெள்ளைப்பொடி இருக்கும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினை முறித்துவிட. பிளீச்சும் அதே குளோரின்தான்; ஆகவே அதன் தடயம்கூட ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரவில்லை. நான் சோதித்தது எங்கள் கிணற்றை அல்ல. அம்மாவின் மானத்தை.

குழாய்த் தண்ணீரில் மருந்து நெடி என்று பேத்தியை அதிலிருந்து காப்பாற்றியவர், அதே மருந்தைப் போத்தல் போத்தலாகக் கிணற்றில் கொட்டியிருந்தார். நெடி போகும்வரை இறைத்துக் கொட்டிவிட்டு, பிறகுதான் பாப்பாவைக் குளிப்பாட்டியிருந்தார். அதாவது, மருந்தெல்லாம் போன பிறகு.

"என்னடி, தப்பா?" என்றார் அம்மா.

நான் பின்புறம் போய்த் தண்ணீர் எடுத்தேன். இந்த முறை மூடியைத் திறக்கும்போது விரல் உட்புறம் பட்டுவிட்டது. அந்தப் போத்தலை எறிந்துவிட்டு, பையிலிருந்து இன்னொன்றை எடுத்தேன்.

மருத்துவருக்கு அப்போதே போன் செய்தேன். நான் சொன்ன முடிவு தவறு, அதை நம்ப வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் அம்மா கிணற்றைச் சுத்தம் செய்தாரா, சோதனைக்காகவா என்று மெதுவாகத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் முடிவைச் சொல்லுங்கள் என்றார்.

மறுநாள் போத்தல் மஞ்சளாக இருந்தது. வெளிர் மஞ்சள் அல்ல, கோழிக்குஞ்சின் மஞ்சள். இருட்டறையில் விளக்கின் கீழே பிடித்தேன். என் விரல்களுக்கு நடுவே அது நீலமாக எரிந்தது. வேலையில் எத்தனையோ முறை அந்த நீலத்தைப் பார்த்திருக்கிறேன். குறிப்பு எழுதுவேன், கைகழுவுவேன், அடுத்ததற்குப் போவேன். அன்று பாப்பாவின் திறந்த வாய்தான் தெரிந்தது. மேலாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். இது எந்தத் தொட்டி என்று பதறிப்போய்க் கேட்டார். எங்கள் வீடு என்றேன்.

மருத்துவர் அன்று மதியமே பால்மாவை நிறுத்தினார். குடல் தொற்று என்றுதான் இப்போது பார்க்கிறோம், மருந்தை அதற்கேற்ப மாற்றுகிறோம், தாய்ப்பாலை எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுங்கள் என்றார். சில நாள்களில் மலச் சோதனையும் அதையே சொன்னது. ஆனால் நாங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. அக்கா பிள்ளையை வாரி எடுத்த வேகத்தில் ஊசிக்குழாய் இழுபட, தாதி ஓடிவந்து பிடித்துக்கொண்டார். பாப்பா ஒரு நொடி முகர்ந்தது. பிறகு கவ்விக்கொண்டது.

அம்மா அந்நேரம் அங்கே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் வீட்டுக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்: மஞ்சள், நீலம், மலம், விரல், வாய். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னிடமிருந்து கிணற்றுப்பக்கம் திரும்பி, தகர மூடியை இழுத்துச் சாத்தி, அதன் மேல் ஓர் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். "நீ அக்காகிட்டச் சொல்லாத. நான் சொல்றேன்" என்றார்.

சாயங்காலம் வார்டுக்கு வந்தார். கையில் வழக்கமான சாப்பாட்டுக் கூடை இல்லை. பழுப்புத் தாளில் கட்டிய ஒரு பொட்டலம். வாசனை கதவிலேயே தெரிந்துவிட்டது.

அக்கா பொட்டலத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னது மா?"

"மீ கோரெங். உறைப்பு கம்மியாப் போடச் சொன்னேன்."

"யாருக்கு?"

"எனக்கா? உனக்குத்தான். சாப்பிடு." அம்மா உட்காரவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உம்பாலு இல்லடி. என் தண்ணிதான். நான்தான் கிணத்துல பிளீச் ஊத்தி, தங்கச்சிய ஏமாத்தி, டாக்டர ஏமாத்தி… எல்லாம் முடிஞ்சு உன் மேல போட்டேன்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. நான் விளக்கினேன். கேட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். "இரு. கிணத்துக்கு மேக்கப் போட்டு அனுப்பி வெச்சாங்களா?"

"அப்படித்தான்."

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மார்பில் பிள்ளை கிடந்ததால் உடம்பு குலுங்காமல் பார்த்துக்கொண்டாள். முகம் மட்டும் என்னென்னவோ ஆயிற்று. கடைசியில், "எனக்கு இப்பக் கை காலியில்லமா. நீங்களே ஊட்டி விடுங்க" என்றாள்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு முட்டைத்துண்டு போர்வையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

பாப்பா வீடு திரும்பிய பிறகு கிணற்றை முழுக்க இறைத்துப் பார்த்தோம். உள்ளே இறங்கிய ஆள், வளையத்தின் ஒரு பக்கம் விரிசல் ஓடியிருப்பதைக் காட்டினார். அதற்கு நேர் வெளியேதான் லோங்காங், வீட்டுச் சாக்கடைகளெல்லாம் போய்ச் சேரும் கால்வாய். மழை பெய்தால் அது நிறைந்து உள்ளே கசிந்திருக்கிறது. பூசினோம். கிணற்றின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, எவ்வளவு பிளீச் என்று கணக்குப் போட்டு, அப்பா ஊற்றினார். நெடி போனபின் இறைத்து, பல நாள் காத்திருந்தோம். இதற்கிடையே பாப்பா ஆறவைத்த குழாய்த் தண்ணீரில்தான் குளித்தது. தோல் ஒன்றும் காய்ந்துவிடவில்லை. வாய்க்குள் விரல் விடுவதையும் அம்மா நிறுத்திவிட்டார். பழக்கத்தில் விரல் உதடுவரை போகும், பிறகு தானே திரும்பிவிடும்.

மறுபடி தண்ணீர் எடுக்கும் நாளை நான் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா மறுபடி கழுவிவிடுவார் என்ற சந்தேகம் இன்னும் எனக்குள் இருந்தது. விடியற்காலையில் போத்தலோடு சத்தமில்லாமல் பின்புறம் போனேன்.

அம்மா எனக்கு முன்பே அங்கே இருந்தார். கிணற்றுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். என் பையில் போத்தலை முந்தின நாளே பார்த்துவிட்டாராம். தரை கழுவப்படவில்லை. மூடியில் பூனைக் காலடித் தடம். சுவரோரத்தில் நேற்றைய சோப்பு நுரை காய்ந்து கிடந்தது.

அப்பா கால் கழுவ வாளியோடு வந்தார். அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க. அது எப்படி இருக்கோ அப்படியே அவ எடுக்கட்டும்."